புல்வெளி மண்ணின் வெப்பத்திலும் ஈரத்திலும் மேய்ச்சலின் விளைவு

புல்வெளி மண்ணில் மேய்ச்சலின் விளைவு என்பது, ஆடு, மாடு, குதிரை முதலிய கால்நடைகள் புல்லைக் கறிப்பதாலும் நிலத்தை மிதிப்பதாலும் மண்ணின் வெப்பநிலையிலும், அம்மண் நீரை ஏற்றுத் தேக்கிவைக்கும் திறனிலும் ஏற்படும் மாற்றங்களைக் குறிக்கும். இம்மாற்றங்கள் புல்லின் வளர்ச்சி, வேர்களின் ஆழம், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் செயற்பாடு, காற்றால் மண் அரிக்கப்படுதல் ஆகியவற்றைப் பாதிப்பதால், மேய்ச்சலை நம்பி வாழும் மக்களின் வாழ்வாதாரத்தோடு நேரடித் தொடர்பு உடையவை.

மேய்ச்சல் இரண்டு வழிகளில் மண்ணை மாற்றுகிறது. ஒன்று, மண்ணுக்குப் போர்வை போல் அமைந்துள்ள புல்லும் சருகும் குறைதல். மற்றொன்று, குளம்புகளின் அழுத்தத்தால் மண் இறுகுதல். மிகையான மேய்ச்சலுக்கு உட்பட்ட நிலம் கோடைப் பகலில் கூடுதலாகச் சூடாகிறது. வெண்பனி பெய்யும் நாடுகளில் அதே நிலம் பனிக்காலத்தில் கூடுதலாகக் குளிர்கிறது. ஆகவே, மேய்ச்சல் மண்ணைச் சூடாக்குகிறது என்றோ குளிர்விக்கிறது என்றோ பொதுவாகக் கூறுவதைவிட, மண்ணுக்கும் வானிலைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது மெலிதாக்குகிறது என்று கூறுவதே பொருத்தமாகும். சீனாவின் உள் மங்கோலியப் புல்வெளிகள் இவ்விளைவுகள் விரிவாக ஆராயப்பட்ட இடங்களுள் ஒன்றாகும்.

மண்ணின் வெப்பக் கணக்கு

நிலப்பரப்பை வந்தடையும் சூரிய ஆற்றலில் ஒரு பகுதி தெறித்துத் திரும்புகிறது. நிலத்திலிருந்து நெடுவலைக் கதிர்வீச்சாக வெளியேறுவதும் போக எஞ்சும் ஆற்றல் மூன்றாகப் பிரிகிறது. ஒரு பங்கு நீரை ஆவியாக்கச் செலவாகிறது. இரண்டாவது பங்கு நிலத்தை ஒட்டியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. மூன்றாவது பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. அடர்ந்த புல்வெளியில் மூன்றாவது பங்கு மிகச் சிறியது. வெற்று நிலத்தில் அது பெரிதாகிறது.

நீரை ஆவியாக்குதல் இக்கணக்கில் முதன்மையான இடம் பெறுகிறது. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2.45 மெகாயூல் ஆற்றல் தேவை. ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் 1 மிமீ உயரமுள்ள நீர் என்பது ஒரு கிலோகிராம் நீராகும். எனவே, ஒரு நிலத்தில் நாளொன்றுக்கு 2 மிமீ நீர் குறைவாக ஆவியாகுமானால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4.9 மெகாயூல் ஆற்றல் மிஞ்சும். அவ்வாற்றல் காற்றையும் மண்ணையும் சூடாக்கும்.

மண்ணின் ஈரம் மற்றொரு வகையிலும் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துகிறது. ஒரு கன மீட்டர் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 4.2 மெகாயூல் வேண்டும். அதே பருமனுள்ள மண் கனிமங்களுக்கு ஏறக்குறைய 2 மெகாயூல் போதும். காற்றுக்குத் தேவைப்படுவது கணக்கில் கொள்ளத்தக்க அளவு அன்று. பருமனில் பாதி கனிமமும் பாதி காற்றும் உள்ள உலர்ந்த மண்ணுக்கு இவ்வளவு ஏறக்குறைய 1 மெகாயூல் ஆகும். அதன் துளைகளில் மொத்தப் பருமனில் 30 விழுக்காடு நீர் நிறைந்தால் அளவு ஏறக்குறைய 2.26 மெகாயூலாக உயரும். அதாவது, ஒரே அளவு வெப்பம் உலர்ந்த மண்ணை ஈர மண்ணைவிட இரு மடங்குக்கும் மேலாகச் சூடாக்கும்.

பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பநிலை மாற்றம் மண்ணுக்குள் ஓர் அலைபோல் இறங்குகிறது. பெரும்பாலான மண்வகைகளில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்திலேயே இவ்வலையின் வீச்சு மேற்பரப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். கோடைக்கும் பனிக்காலத்துக்கும் இடையிலான ஆண்டு அலை அதே அளவு குறைய 2 முதல் 3 மீட்டர் ஆழம் வேண்டும். புல்வேர்களின் பெரும்பகுதி மேலுள்ள சில பத்து சென்டிமீட்டருக்குள் இருப்பதால், நாள்தோறும் நிகழும் மாற்றமும் ஆண்டுதோறும் நிகழும் மாற்றமும் அவற்றைத் தாக்குகின்றன.

போர்வை நீங்குதல்

உயர்ந்த புல் வெயிலை மண்ணில் விழாமல் தடுக்கிறது. காற்றின் வேகத்தைத் தரையருகே குறைக்கிறது. புல்லின் அடியில் தேங்கும் சருகில் காற்று அடைபட்டிருப்பதால் வெப்பம் அதன் வழியே எளிதில் கடப்பதில்லை. மழைத்துளிகள் நேரடியாக மண்ணைத் தாக்காமலும் சருகு காக்கிறது.

கால்நடைகள் புல்லைக் கறிக்கும்போது நிழல் குறைகிறது. உதிர்ந்து சருகாக வேண்டிய இலைகள் முன்னதாகவே உண்ணப்படுவதால், ஆண்டுகள் செல்லச் செல்லச் சருகுப் படலமும் மெலிகிறது. இதன் பயனாக மேல்மண் பகலில் விரைவில் சூடேறி, இரவில் விரைவில் குளிர்கிறது. நாளின் உச்ச வெப்பநிலைக்கும் தாழ்ந்த வெப்பநிலைக்கும் இடையிலான வேறுபாடு பெருகுகிறது.

சருகு முற்றிலும் நன்மையே தருவதன்று. பல ஆண்டுகள் மேய்ச்சல் இல்லாத நிலத்தில் தடித்த சருகு சேர்கிறது. அது வசந்த காலத்தில் மண் சூடேறுவதைத் தாமதப்படுத்துவதோடு புதிய தளிர்களுக்குக் கிடைக்கும் ஒளியையும் குறைக்கிறது. சிறு தூறல்களின் நீர் மண்ணை அடையாமல் இலைகளிலும் சருகிலும் தங்கி ஆவியாகிவிடுவதும் உண்டு. மழை குறைந்த புல்வெளிகளில் இவ்விழப்பு புறக்கணிக்கத்தக்கதன்று.

குளம்பின் அழுத்தம்

நின்றுகொண்டிருக்கும் ஒரு செம்மறியாட்டின் குளம்புகள் நிலத்தின் மீது ஏறக்குறைய 60 முதல் 80 கிலோபாஸ்கல் அழுத்தத்தைத் தருகின்றன. மாட்டின் குளம்புகள் தரும் அழுத்தம் ஏறக்குறைய 120 முதல் 160 கிலோபாஸ்கல் ஆகும். விலங்கு நடக்கும்போது எடை நான்கு கால்களிலும் ஒருசேரத் தங்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு குளம்பின் கீழும் அழுத்தம் இரு மடங்கு வரையோ அதற்கு மேலோ உயர்கிறது.

இவ்வழுத்தம் பெரும்பாலும் மேலுள்ள 5 முதல் 10 செ.மீ. மண்ணையே இறுக்குகிறது. முதலில் நசுங்குபவை மண்ணிலுள்ள பெரிய துளைகள். மழைநீர் விரைவாக உட்புகுவதும் காற்று உலவுவதும் அத்துளைகள் வழியாகவே ஆகும். அவை குறைந்தால், பலத்த மழையின்போது நீர் நிலத்துக்குள் இறங்காமல் மேற்பரப்பில் வழிந்தோடும். மண் ஈரமாக இருக்கும்போது மிதிபட்டால் இறுக்கம் மிகுதியாகும். நன்கு உலர்ந்த மணற்பாங்கான மண்ணில் மிதிப்பு வேறு வகையான தீங்கைச் செய்கிறது: மண்கட்டிகள் நொறுங்கித் தூளாகி, காற்றில் பறக்கும் நிலையை அடைகின்றன.

இறுகிய மண்ணில் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கித் தொடுவதால் வெப்பம் எளிதில் கடக்கிறது. ஆகவே போர்வை நீங்கிய மேற்பரப்பில் சேரும் வெப்பம் ஆழத்துக்கு இறங்குவதற்கும் மிதிப்பு வழி செய்கிறது. குளிர் நாடுகளில் ஆண்டுதோறும் மண் உறைந்து உருகுவதும், பிற இடங்களில் மண் நனைந்து உலர்வதும் இவ்விறுக்கத்தை ஓரளவு தளர்த்துகின்றன. எனினும் மிதிப்பு இடைவிடாது தொடர்ந்தால் இம்மீட்சி முழுமை அடைவதில்லை.

ஈரத்தில் காணப்படும் முரண்

மேய்ச்சல் மண்ணை உலர்த்தும் என்பது எல்லா ஆழங்களிலும் எல்லாக் காலங்களிலும் உண்மையன்று. புல் வேர்வழி நீரை உறிஞ்சி இலைவழி வெளியேற்றுகிறது. மேய்ச்சலால் இலைப்பரப்பு குறையும்போது இவ்வெளியேற்றமும் குறைகிறது. அதே வேளையில் வெயில் நேரடியாக விழுவதால் மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஆவியாதல் கூடுகிறது. ஆகவே மேய்க்கப்பட்ட நிலத்தில் மேல்மண் விரைவில் காய்ந்துபோக, ஆழத்திலுள்ள மண் மேய்க்கப்படாத நிலத்தைவிட ஈரமாக இருப்பதும் உண்டு.

இவ்வீரத்தைக் கொண்டு அந்நிலம் நலமாக உள்ளது எனக் கருதுதல் பிழையாகும். அது புல்லுக்குப் பயன்படாமல் எஞ்சிய நீர். தொடர்ந்து கறிக்கப்படும் புல் இலைகளை மீண்டும் வளர்க்கத் தன் சேமிப்பைச் செலவிடுவதால் அதன் வேர்கள் குறுகுகின்றன; ஆழத்து நீர் அவற்றுக்கு எட்டுவதில்லை. ஒரே அளவு மழை பெய்யும் இரு நிலங்களில், நீர் இலை வழியாக வெளியேறும் நிலம் புல்லை விளைவிக்கிறது. மண்ணிலிருந்து நேரடியாக ஆவியாகும் நிலம் வெப்பத்தை மட்டுமே தணிக்கிறது. ஆகவே எவ்வளவு நீர் உள்ளது என்பதோடு, அந்நீர் எவ்வழியாக வெளியேறுகிறது என்பதும் கவனிக்கப்பட வேண்டும்.

உள் மங்கோலியப் புல்வெளி

உள் மங்கோலியாவின் ஷிலின் ஆற்றுப் படுகையில் சீன அறிவியல் கழகம் 1979 ஆம் ஆண்டில் புல்வெளிச் சூழல்மண்டல ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவியது. இப்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1200 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றே மேலாகவும், ஜனவரி மாதச் சராசரி உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய 20 பாகை செல்சியஸாகவும், ஜூலை மாதச் சராசரி ஏறக்குறைய 19 பாகை செல்சியஸாகவும் இருக்கும். ஆண்டு மழை ஏறக்குறைய 350 மிமீ. அதன் பெரும்பகுதி கோடை மாதங்களில் பெய்கிறது. லேமஸ் சைனென்சிஸ், ஸ்டைப்பா கிராண்டிஸ் ஆகிய புல்லினங்கள் இங்கு மிகுதியாக உள்ளன.

நிலையம் தொடங்கப்பட்ட 1979 ஆம் ஆண்டிலேயே சில நிலங்கள் வேலியிடப்பட்டு மேய்ச்சல் தடுக்கப்பட்டது. 2004 முதல் சீன, செருமானிய ஆய்வாளர்கள் கூட்டாக இங்கு ஆய்வுகளை நடத்தினர். 1979 முதல் மேய்ச்சல் இல்லாத நிலம், 1999 முதல் மேய்ச்சல் இல்லாத நிலம், பனிக்காலத்தில் மட்டும் மேய்க்கப்பட்ட நிலம், மிகையாக மேய்க்கப்பட்ட நிலம் எனப் பலவகை நிலங்கள் ஒப்பிடப்பட்டன. மிகையாக மேய்க்கப்பட்ட நிலத்தில் மேல்மண் இறுகியும், அதன் கரிமச்சத்து குறைந்தும் காணப்பட்டது. மேய்ச்சல் இல்லாத நிலத்தில் ஓரிடத்துக்கும் மற்றோர் இடத்துக்கும் மண்ணின் தன்மை வேறுபட்டிருந்தது. மிகையான மேய்ச்சலில் இவ்வேறுபாடு குறைந்து நிலம் ஒரே சீராகியிருந்தது. புல்திட்டுகளைச் சுற்றிச் சேரும் நுண்மண்ணும் சருகும் அழிவதே இதற்குக் காரணமாகும்.

இப்புல்வெளியில் மேய்ச்சலின் விளைவுகள் பருவத்துக்கேற்ப மாறுகின்றன:

வசந்த காலம்: பனி உருகும் நீரே புல் முளைப்பதற்குக் கிடைக்கும் முதல் ஈரம். பனி குறைவாகத் தங்கிய மேய்ச்சல் நிலத்தில் இவ்வீரம் குறைவு. வெற்று மண் விரைவில் சூடேறினாலும் அதனைப் பயன்படுத்த நீர் போதுவதில்லை. பலத்த காற்று வீசும் காலமும் இதுவே என்பதால் மண் அரிப்பு மிகுகிறது.

கோடைக்காலம்: மழை பெய்தாலும் மேய்க்கப்பட்ட நிலத்தில் மேல்மண் விரைவில் உலர்ந்து சூடேறுகிறது. புல் வழியாக வெளியேறும் நீர் குறைந்து, மண்ணிலிருந்து நேராக ஆவியாகும் நீர் கூடுகிறது.

இலையுதிர் காலம்: இக்காலத்தில் எஞ்சும் புல்தாளின் உயரமே அடுத்த பனிக்காலத்தில் எவ்வளவு பனி தங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பனிக்காலம்: குட்டையான புல் பனியைப் பிடித்து வைப்பதில்லை, காற்று அதனை அடித்துச் செல்கிறது. மண் வெளிப்பட்டு ஆழமாக உறைகிறது.

பனிக்காலமும் வெண்பனியும்

புதிதாகப் பெய்த வெண்பனியின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்றே ஆகும். எனவே அது சிறந்த வெப்பத்தடுப்பான். உயர்ந்த புல்தாளுக்கிடையில் தங்கும் பனி, அடியிலுள்ள மண்ணைக் கடுங்குளிரிலிருந்து காக்கிறது.

உள் மங்கோலியாவில் நடந்த அளவீடுகள் இதன் எதிர்பாராத ஒரு விளைவை வெளிப்படுத்தின. மேய்க்கப்படாத நிலங்களில் பனி உருகும் சில வாரங்களில் மண்ணிலிருந்து நைட்ரசு ஆக்சைடு வளிமம் மிகுதியாக வெளியேறியது. பனிப் போர்வையின் கீழ் மண் ஒப்பளவில் வெதுவெதுப்பாகவும், உருகும்போது ஈரமாகவும் இருந்ததால் நுண்ணுயிர்கள் அதனை உருவாக்கின. மேய்க்கப்பட்ட நிலங்களில் மண் குளிர்ந்தும் உலர்ந்தும் இருந்ததால் இவ்வெளியேற்றம் மிகக் குறைவாக இருந்தது. 2010 ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் இம்முடிவு வெளியானது. நைட்ரசு ஆக்சைடு, 100 ஆண்டுக் கணக்கில், ஒரே நிறையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 270 மடங்கு புவி வெப்பமாக்கும் ஆற்றல் கொண்டது. மேய்ச்சல் நிலத்துக்கு வசந்த ஈரத்தை இழக்கச் செய்யும் அதே நிகழ்வு, இவ்வளிமத்தின் அளவைக் குறைக்கவும் செய்கிறது என்பது இவ்வாய்வின் முடிவு.

இதே இயற்பியலை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தும் முயற்சி வடகிழக்குச் சைபீரியாவில் நடைபெறுகிறது. உருசிய அறிவியலாளர் செர்கேய் சிமோவ் 1996 ஆம் ஆண்டில் யாக்கூத்தியாவின் செர்ஸ்கி நகருக்கு அருகில் பிளைஸ்டோசீன் பூங்காவை நிறுவினார். குதிரை, காட்டெருமை, கலைமான் முதலிய விலங்குகள் தீவனம் தேடிப் பனியைக் கிளறியும் மிதித்தும் இறுக்குவதால் அதன் வெப்பத்தடுப்புத் திறன் குறைகிறது. பனிக்காலக் குளிர் நிலத்துக்குள் இறங்குகிறது. ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் அடிமண் உருகாமல் காக்க இது உதவும் என்பது சிமோவின் கருத்தாகும்.

காலநிலை பற்றிய விவாதம்

மேய்ச்சலால் வெறுமையான நிலம் வெப்பமாகுமா, குளிருமா என்னும் கேள்வி 1970களில் பெரும் விவாதத்துக்கு உள்ளானது. சினாய்க்கும் நெகேவுக்கும் இடையிலான எல்லை செயற்கைக்கோள் படங்களில் தெளிவான கோடாகத் தெரிந்தது. மிகையாக மேய்க்கப்பட்ட சினாய்ப் பகுதி வெண்மையாகவும், நெகேவ் பகுதி கருமையாகவும் இருந்தன. 1974 ஆம் ஆண்டில் யோசப் ஆட்டர்மன், வெளிறிய வெற்று நிலம் சூரிய ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்புவதால் குளிரும் என்றும், அதனால் மழை குறையும் என்றும் கருதுகோள் ஒன்றை வெளியிட்டார். 1975 இல் ஜூல் சார்னி இதை ஒத்த விளக்கத்தைச் சாகேல் வறட்சிக்குப் பொருத்தினார்.

அதே ஆண்டில் ரே ஜாக்சன், ஷெர்வுட் இட்சோ ஆகியோர், செடிகள் நீங்கிய நிலம் பெரும்பாலும் வெப்பமாகவே இருக்கும் என மறுத்தனர். தெறிப்பால் குறையும் வெப்பத்தைவிட, நீர் ஆவியாகாமையால் மிஞ்சும் வெப்பம் கூடுதலாக இருக்கலாம் என்பதே இதன் அடிப்படை. பின்னர் சொனோராப் பாலைநிலத்தில், அமெரிக்க-மெக்சிக்கோ எல்லையின் இருபுறமும் ஒப்பிடப்பட்டன. அமெரிக்கப் பகுதியில் 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் மேய்ச்சல் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. புல் குட்டையாகவும் வெற்றுநிலம் மிகுதியாகவும் இருந்த மெக்சிக்கோப் பகுதியில் கோடைப் பகல் வெப்பநிலை உயர்ந்திருப்பதை ராபர்ட் பாலிங் 1988 இல் காட்டினார். கோடைமழைக்குப் பின் ஏறக்குறைய மூன்று நாட்களில் மெக்சிக்கோப் பகுதி மண்ணின் ஈரம் தீர்ந்து, அதன்பின் அப்பகுதி கூடுதலாகச் சூடாகிறது என 1990 இல் வெளியான ஆய்வு விளக்கியது.

சாகேல் வறட்சிக்குக் கடற்பரப்பு வெப்பநிலை மாற்றங்களே முதன்மைக் காரணம் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. நிலப்பரப்பின் மாற்றம் அவ்வறட்சியை வலுப்படுத்தும் துணைக் காரணமாகக் கருதப்படுகிறது. மேய்ப்பர்களே வறட்சியை உருவாக்கினர் என்னும் கருத்து இதனால் வலுவிழந்தது.

அளவிடும் முறைகள்

மண் வெப்பநிலை, வெவ்வேறு ஆழங்களில் புதைக்கப்படும் வெப்ப இணைகளால் அளக்கப்படுகிறது. மண்ணுக்குள் இறங்கும் வெப்பத்தை, சில சென்டிமீட்டர் ஆழத்தில் கிடையாகப் பதிக்கப்படும் வெப்பப் பாய்வுத் தகடுகள் காட்டுகின்றன. ஈரத்தை அறிய, குறிப்பிட்ட ஆழத்து மண்ணை எடுத்து 105 பாகை செல்சியஸில் உலர்த்தி எடை இழப்பைக் காணுதல் எளிய முறையாகும். மின்காந்தத் துடிப்பு மண்ணில் செல்லும் வேகத்தைக் கொண்டு ஈரத்தைக் கணக்கிடும் கருவிகளும் பயன்படுகின்றன.

வேலிக்கு உள்ளும் வெளியும் ஒரே நாளில் அளந்து ஒப்பிடும்போது, இருபுறமும் மண்வகையும் சரிவும் ஒத்திருத்தல் வேண்டும். ஒரு பருவ அளவீட்டைக் கொண்டு ஆண்டு முழுமைக்கும் முடிவு கூற இயலாது.

மேய்ச்சல் மேலாண்மை

மங்கோலிய மேய்ப்பர்கள் மரபாகப் பருவந்தோறும் மந்தைகளை இடம் மாற்றினர். ஒரு நிலம் ஓய்ந்திருக்கும் காலத்தில் சருகும் வேரும் மீண்டன. உள் மங்கோலியாவில் 1980களிலிருந்து மேய்ச்சல் நிலங்கள் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டு, வேலிகள் பெருகி, இடப்பெயர்வு சுருங்கியது. ஒரே நிலம் ஆண்டு முழுவதும் மிதிபடும் நிலை பல இடங்களில் உருவானது. சீன அரசு 2003 முதல் மேய்ச்சல் தடை, பருவ ஓய்வு ஆகியவற்றைக் கொண்ட திட்டத்தையும், 2011 முதல் மந்தையைக் குறைக்கும் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டத்தையும் செயற்படுத்தியது. தடையினால் நிலம் மீள்வதும், மந்தையைக் குறைக்கும் குடும்பங்களின் வருவாய் பாதிக்கப்படுவதும் ஒருங்கே எழும் சிக்கல்களாகும்.

மண்ணின் வெப்பத்தையும் ஈரத்தையும் கருதினால், பின்வரும் நடைமுறைகள் பொருத்தமானவை:

வசந்த காலத்தில், மண் ஈரமாகவும் தளிர் இளமையாகவும் இருக்கும் வாரங்களில் நிலத்துக்கு ஓய்வு அளித்தல்.

மழை பெய்த உடனே கனத்த கால்நடைகளைக் களிமண் நிலத்தில் விடாதிருத்தல்.

பனி பெய்யும் நாடுகளில், பனியைப் பிடித்து வைக்கும் அளவுக்கு உயர்ந்த புல்தாளை இலையுதிர் காலத்தில் விட்டுவைத்தல்.

நீர்நிலைகளையும் கொட்டில்களையும் ஒட்டி மந்தை ஒரே இடத்தில் நெடுநாள் கூடாமல் இடம் மாற்றுதல்.

மிதமான மேய்ச்சலில் சருகு அளவோடு தங்கி, புதிய தளிருக்கு ஒளியும் வெதுவெதுப்பும் கிடைக்கின்றன. மிகையான மேய்ச்சலில் கரிமச்சத்தும் நுண்மண்ணும் காற்றோடு போகின்றன. நீங்கிய புல் சில ஆண்டுகளில் மீளக்கூடும். காற்று கொண்டுசென்ற மேல்மண் மீண்டும் உருவாக நூற்றாண்டுகள் தேவைப்படும். ஆகவே, சருகுப் போர்வை மெலிந்து மண் வெளித்தெரியத் தொடங்கும் நிலையே மந்தையை அவ்விடத்திலிருந்து நீக்க வேண்டிய காலத்தைக் காட்டும் அடையாளமாகும்.